அறுபத்து நான்கு படிகள்

அப்பா லிஃப்ட் மெக்கானிக். நாங்கள் குடியிருந்ததோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நான்காவது மாடி. ஊரையே ஏற்றி இறக்கிய மனுஷர் தன் வீட்டுக்கு அறுபத்து நான்கு படி ஏறித்தான் வருவார். அதைச் சொல்லி அம்மா கிண்டல் செய்யாத நாளில்லை. ஒருநாள் அவர் லிஃப்ட் குழிக்குள் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. கிண்டலும் அத்தோடு நின்றுபோனது.

அந்த வீட்டை விட்டு வந்து இருபத்தெட்டு வருடம் ஆகிறது. இன்றும் கண்ணை மூடினால் அந்தப் படிக்கட்டுதான். பலர் கைபட்டு வழவழத்துப்போன இரும்புக் கைப்பிடி, மூன்றாவது மாடி டைப்பிஸ்ட் அக்கா வீட்டு டகடக, இரண்டாவது மாடியில் கணக்கு வாத்தியார் யாரையாவது வறுத்தெடுக்கும் சத்தம், முதல் மாடி தையல்காரர் வாசலில் சிதறிக் கிடக்கும் நூல். எனக்கு எல்லாமே ஏக்கமாக இருக்கிறது. அப்பாவுக்கோ அது பதினான்கு மாதம் எதிரியாக இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்ட்ரெச்சரில் தூக்கி வந்து விட்டார்கள், அவ்வளவுதான். அதன்பின் அவர் வாசலைத் தாண்டவில்லை. வீட்டுக்குள் ஊன்றுகோலோடு நடப்பார். படி என்றால் முகம் திருப்பிக்கொள்வார். நாலு பேர் பார்க்க நொண்டி இறங்குவதா என்ற ரோஷம்.

அப்போதுதான் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. புகார் அறையில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் போன் செய்தால் எடுத்துப் பேச வேண்டும். ஒன்றாம் தேதி காலை ஒன்பது மணிக்கு நேரில் வந்தால் அவருக்கு, இல்லாவிட்டால் வேறொருவருக்கு. கூட வேலை பார்த்த இரண்டு பேர் வந்து, "நாங்க தூக்கிட்டுப் போறோம் அண்ணே" என்றார்கள்.

"என்னைத் தூக்கிட்டுப் போற நாள் ஒண்ணு வரும். அது இது இல்ல" என்றார் அப்பா. அவர்கள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள்.

அந்த வாரம் டிவியில் நிலாவில் இறங்கிய ஒரு விண்கலத்தைப் பற்றிக் காட்டினார்கள். விண்வெளி விஷயம் எது வந்தாலும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவாள். நிகழ்ச்சி முடிந்ததும் அப்பாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, அவ்ளோ தூரம் போறது கூடப் பெரிசில்லையாம். கடைசியா மெதுவா இறங்குறதுதான் கஷ்டமாம். ஒரேயடியா இறங்கினா நொறுங்கிடுமாம். வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுக் குறைச்சு இறக்குறாங்க."

"இதைத் தெரிஞ்சுக்க நிலாவுக்குப் போகணுமா? லிஃப்டையும் அப்படித்தான் நிறுத்துறோம்."

"அப்ப உங்களையும் அப்படி இறக்க முடியாதா?"

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால், அப்பா காலண்டர் தாளின் பின்பக்கம் படம் போட்டுக்கொண்டிருந்தார். மாடிக்குப் பதினாறு படி. மூன்று மாடியிலும் ஒவ்வொரு நாற்காலி, உட்கார்ந்து பத்து நிமிடம் மூச்சு வாங்க. புறப்பாடு காலை ஐந்தரை, யாரும் விழிக்கும் முன். மெக்கானிக்கிடம் மெக்கானிக் வேலையைக் கொடுத்தால்தான் அவர் கேட்பார் என்பது அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு அவள்மேல் எனக்கு வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

நாற்காலிகளை அம்மா இரவல் வாங்கினாள். டைப்பிஸ்ட் அக்காவின் சுழல் நாற்காலி, வாத்தியாரின் பிரம்பு நாற்காலி, தையல்காரரின் ஸ்டூல். காரணம் கேட்டவர்களிடம் விருந்தாளி வருகிறார்கள் என்றாள். எங்கள் வீட்டில் என்னவோ பெரிய விசேஷம் என்று கட்டடம் முழுக்கப் பேச்சு.

ஒன்றாம் தேதி காலை நான் கையில் அலாரம் கடிகாரத்தோடு முன்னால் நடந்தேன். "பத்து, ஒன்பது, எட்டு" என்று ஆரம்பித்தேன். "வாயை மூடு பாப்பா, ஊரைக் கூட்டாதே" என்றார் அப்பா. சுழல் நாற்காலி அவரை ஒரு சுற்றுச் சுற்றிச் சுவரைப் பார்க்க உட்கார வைத்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆறரை மணிக்கு அவர் தெருவில் நின்றார். பதினான்கு மாதத்துக்குப் பிறகு முகத்தில் வெயில். எனக்கு அழுகை வந்தது. அவர் ஆட்டோவில் ஏறிப் போனதும் அம்மா நாற்காலிகளைத் துடைத்து, அவரவர் வீட்டில் திருப்பிக் கொடுத்தாள்.

இத்தனை திட்டம் போட்ட இரண்டு பேரும் ஒன்றை மறந்துவிட்டார்கள். போனவர் திரும்பி வர வேண்டுமே.

சாயங்காலம் நான் டியூஷன் முடிந்து வந்தபோது அப்பா கீழ்ப்படியின் முன் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். வேலை கிடைத்துவிட்டதாம். "ஏறுறதுக்குப் படமே போடலையே பாப்பா" என்று சிரித்தார். காலைத் தூக்கிப் பார்த்தார், வரவில்லை. பிறகு படியில் உட்கார்ந்து, கைகளை ஊன்றி, பின்பக்கமாக மேல்படிக்கு நகர்ந்தார். இன்னொரு படி. ஆறு மணி. வேலை முடிந்து வருபவர்கள், கடைக்குப் போகிறவர்கள் என்று படிக்கட்டு நிறைய ஆட்கள். எல்லோருக்கும் வழிவிட்டு, நலம் விசாரித்துக்கொண்டே அவர் உட்கார்ந்து ஏறினார்.

அப்போது வாத்தியாரின் மகள் உள்ளே வந்தாள். என் வகுப்புத்தான். எனக்கு உடம்பு கூசியது. என் கையிலிருந்த அவர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, எதையோ தேடுவதுபோல் பைக்குள் தலையை விட்டுக்கொண்டேன். அப்பா அதைப் பார்த்துவிட்டார்.

"நீ முன்னாடி போம்மா. அம்மாகிட்ட டீ போடச் சொல்லு" என்றார்.

இரண்டிரண்டு படியாகத் தாவி ஓடினேன்.

"அப்பா எங்கடி?" என்றாள் அம்மா.

"வந்துட்டிருக்கார்."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. அடுப்பை அணைத்துவிட்டு இறங்கிப் போனாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். அவளும் அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்து, அவரோடு ஒவ்வொரு படியாக நகர்ந்து வந்தாள். முதல்நாள் வேலைக் கதையைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே வந்தாள். வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. அப்பாவின் பேண்ட் பின்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறப் புழுதி.

"நல்லா துவைச்சுப் போடு. நாளைக்கும் போகணும்" என்றார்.

அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்கவே மாட்டார்.

மறுநாள் எட்டு மணிக்கு, நல்ல வெயில் ஏறி, ஆட்கள் போய்வரும் நேரத்தில் அப்பா மேல்படியில் உட்கார்ந்தார். நானும் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் திரும்பிப் பார்த்தார், கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். ஒவ்வொரு படியாக இரண்டு பேரும் நகர்ந்து இறங்கினோம். இரண்டாவது மாடியில் வாத்தியாரின் மகள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

"என்னடி பண்றே, தரையில உட்கார்ந்துகிட்டு?"

அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பாவை வேலைக்குக் கொண்டுபோய் விடறேன்" என்றேன்.