எட்டாம் அத்தியாயத்தில் ஒரு திருடன்

என் நாத்தனாருக்கு வாயும் பேனாவும் ஒன்றுதான். இரண்டுக்கும் மூடி கிடையாது.

அவளும் நானும் சேர்ந்து ஒரு சிறுவர் மாத இதழில் தொடர்கதை எழுதினோம். ஒற்றைப்படை அத்தியாயங்கள் எனக்கு, இரட்டைப்படை அவளுக்கு. இந்த ஏற்பாட்டைச் செய்துவைத்த புண்ணியவான் என் கணவர். "வீட்டுக்குள்ளயே ரெண்டு எழுத்தாளர் இருக்கீங்க, சேர்ந்து எழுதினா என்ன?" என்று கொளுத்திப் போட்டுவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டார்.

கதை இதுதான். ஒரு பள்ளிக்கூடத்தின் வெண்கல மணி காணாமல் போகிறது. காவலாளியின் மகள் திருடனைத் தேடிக் கிளம்புகிறாள். பன்னிரண்டு அத்தியாயத்துக்கும் கட்டம் போட்டு, சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்தேன். திருடன் பாட்டு வாத்தியார். முதல் அத்தியாயத்தில் அவர் தூக்கிக்கொண்டு வரும் பெரிய பை, மூன்றாவதில் அவர் விரலில் கட்டு, எதையும் நான் சும்மா எழுதவில்லை. சின்னப் பிள்ளைகள்தானே, எதையாவது சொல்லி ஒப்பேற்றிவிடலாம் என்று நினைப்பவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நாத்தனார் அந்தச் சுவர்ப் பக்கம் காபி போட மட்டும்தான் வருவாள். "முடிவு முன்னாடியே தெரிஞ்சுட்டா எழுதவே போரடிக்கும் அண்ணி" என்பாள். கெடு நாளன்று உட்கார்ந்து எழுதி, என்னிடம் காட்டாமலே நேராகப் பத்திரிகைக்கு அனுப்புவாள்.

எட்டாம் அத்தியாயம் அப்படித்தான் போனது. அச்சாகி வந்த இதழைப் பிரித்தேன். கடைசி வரியில் காவலாளி தன் மகளிடம் சொல்கிறார்: "மணியை எடுத்தது நான்தாம்மா."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. நேராக அவள் அறைக்குப் போனேன்.

"என்னடி பண்ணி வச்சிருக்க?"

"எழுதிட்டே இருந்தேன் அண்ணி. அவரே சொல்லிட்டாரு. நான் என்ன பண்ணட்டும்?"

"அவரே சொன்னாரா? அவருக்கு ஏதுடி வாய்? நீ வச்சதுதானே!"

"கத்தாதீங்க. பிள்ளைங்களுக்குப் பிடிக்கும், பாருங்க."

விஷயம் எடிட்டர் அம்மாவிடம் போனது. நான்தான் கொண்டுபோனேன், அதில் எனக்கு வெட்கமில்லை. அவர் எங்கள் இருவரையும் எதிரில் உட்காரவைத்தார்.

"உங்க குடும்பச் சண்டையை என் பத்திரிகையில நடத்தாதீங்க. மீதி நாலு அத்தியாயமும் ஒருத்தர்தான் எழுதணும். புத்தகமா வரும்போதும் அந்த ஒருத்தர் பேருதான் இருக்கும். யாருன்னு பிள்ளைங்க முன்னாடி வச்சே முடிவு பண்ணிக்கலாம்."

புத்தகம். பார்த்த வேலையை விட்டுவிட்டு நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். என் பெயர் போட்ட ஒரு புத்தகம் வேண்டும், வேறொன்றும் வேண்டாம்.

ஒரு பள்ளிக்கூடத்தில், தொடரைப் படிக்கும் பிள்ளைகளின் வகுப்புக்குப் போனோம். சுவரோரம் எடிட்டர் அம்மா உட்கார்ந்துகொண்டார். நான் எழுதிக்கொண்டுபோன ஒன்பதாம் அத்தியாயத்தைப் படித்தேன். மணியை மகள்தான் எடுத்தாளோ என்று பயந்து, அவளைக் காப்பாற்ற அப்பா பொய் சொல்கிறார். உண்மைத் திருடன் வெளியே இருக்கிறான். கட்டம் பிசகவில்லை.

முன்வரிசையில் ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண் எழுந்தாள். "போங்காட்டம் ஆடுறீங்க மிஸ். அப்பாதான் எடுத்தாரு. ஏன் எடுத்தாருன்னு சொல்லுங்க."

எல்லாத் தலையும் நாத்தனார் பக்கம் திரும்பியது. அவள் சிரித்தாள். "எனக்கே தெரியாதுப்பா. எழுதும்போதுதான் தெரியும்." பிள்ளைகளும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கிளப்பிவிட்டது. தெரியாது என்பதைக்கூடப் பெருமையாகச் சொல்கிறாளே!

"தெரியாதா? நான் சொல்றேன் கேளு!" என்று அவளைப் பார்த்தே கத்தினேன். "அந்த மனுஷனுக்குக் காது மங்கிட்டு வருது. மணி அடிச்சாதான் கேட்டைத் திறக்கணும். அடிக்கிறதே அவருக்குக் கேக்கல. தெரிஞ்சா வேலை போயிடும். மணியே இல்லைன்னா, தனக்குக் கேக்கலைன்னு யாருக்கும் தெரியாதுல்ல? அதான் எடுத்து ஒளிச்சு வச்சாரு. போதுமா?"

ரெட்டைச் சடைக்காரி மெதுவாக உட்கார்ந்தாள். "பாவம்" என்று யாரோ சொன்னார்கள். அந்தக் காது விஷயம் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. ஆத்திரத்தில் வாயைத் திறந்தேன், வந்துவிட்டது.

வராந்தாவுக்கு வந்ததும் எடிட்டர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இதையே எழுதுங்க. நாலும் உங்களுக்குத்தான்."

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்தவள் முந்திக்கொண்டாள். "அண்ணி, இது உங்க சுவத்துல எத்தனாவது கட்டம்?"

முகமெல்லாம் பல். என்னைத் தன் வழிக்கு இழுத்துவிட்டாளாம். இதை எழுதினால் காலம் முழுக்க, உட்கார்ந்தால் நின்றால் இவள் சொல்லிக் காட்டுவாள்.

"நான் எழுத மாட்டேன்" என்றேன். "திருடன் பாட்டு வாத்தியார்தான். அது ஏதோ கோபத்துல உளறினது."

"உளறலா? பிள்ளைங்க முகத்தைப் பாத்தீங்கல்ல?" என்றார் எடிட்டர் அம்மா.

"நான் யோசிச்சு வச்சதை எழுதவிட்டா எழுதறேன். இல்லைன்னா ஆளை விடுங்க."

அவர் பெருமூச்சு விட்டார். நாத்தனார் இப்போது சிரிக்கவில்லை. "அப்போ அந்தக் காது விஷயத்தை நான் எடுத்துக்கவா அண்ணி?"

"தாராளமா எடுத்துக்கோ. நான் துப்பினதைப் பொறுக்கறதுக்கு என்னைக் கேக்கணுமா?"

அடுத்த இதழ் அவள் பெயரோடு மட்டும் வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் கணவர் அதைச் சத்தமாகப் படித்தார். மணியே இல்லையென்றால் தனக்குக் கேட்கவில்லை என்று யாருக்கும் தெரியாதல்லவா என்று அப்பா சொல்லும் இடத்தில் நிறுத்தி, அந்த வரியை இன்னொரு தடவை படித்தார். நான் கத்தியதில் ஒரு சொல்லைக்கூட அவள் வீணாக்கவில்லை.

"என் தங்கச்சி எப்படி யோசிச்சிருக்கா பாரேன்! இதெல்லாம் கட்டம் போட்டா வருமா?"

"வராது" என்றேன்.