எரியாத விளக்கைச் செய்வது எப்படி

1

இந்தக் கதை ஒரு குடும்பச் சண்டையிலிருந்து கிடைத்தது. என் குடும்பம் இல்லை, அக்கா குடும்பம். அடுத்த வீட்டுச் சண்டையில் கதை எடுப்பதில் ஒரு வசதி உண்டு, நமக்கு வலிக்காது. (அப்படி நினைத்துத்தான் தொடங்கினேன்.)

‘கண்ணிழந்த அந்தக் கார் மேசைமேல்—’

இப்படித் தொடங்க வேண்டாம். கார் விளக்கைக் கண் என்று எழுதாத ஆள் உண்டா?

‘கையளவு உலகத்தில் வாழ்ந்த ஒரு மனிதர்—’

இதில் மாமா குள்ளமாகத் தெரிகிறார். நேராகவே சொல்லிவிடுகிறேன். அக்கா வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுபவர், லிஃப்ட் மெக்கானிக். ஓய்வு நேரத்தில் உள்ளங்கையில் அடங்கும் மாடல் கார்கள் செய்வார். கதவு, சக்கரம், பெயின்ட் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். முன்விளக்கு மட்டும் அவருக்கு வராது. அதை பியூட்டி பார்லர் நடத்தும் அக்கா செய்து கொடுப்பாள்.

2

போன போட்டியில் மாமாவின் காருக்கு முதல் பரிசு. நடுவர் குனிந்து, முன்விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எரியாத விளக்கு எரியாத மாதிரியே இருக்கே. எப்படிங்க பண்ணீங்க?”

“பொறுமைதான் சார் வேணும்” என்றார் மாமா.

பக்கத்தில் அட்டைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு அக்கா நின்றிருந்தாள்.

(முதல் வரைவில் மாமாவை மோசடிக்காரராக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. அக்காவுக்குக் காய்ச்சல் என்றால் பார்லருக்குப் போய், வந்த பெண்களிடம் தானே மன்னிப்புக் கேட்டு அனுப்பிவைக்கிற மனிதர் அவர். “நான் பொய் சொல்லலியே” என்று இன்றும் சொல்கிறார். அது உண்மைதான்.)

3

கடையில் வாங்கும் மாடலில் விளக்கு என்பது வெள்ளி பூசிய ஒரு மேடு. அதைத் துளைத்தெடுத்து, குழியைக் கிண்ணம்போல் இழைக்க வேண்டும். சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாளை உள்ளே அழுத்த வேண்டும். எல்லோரும் பளபளப்போடு நிறுத்திவிடுவார்கள், அங்கேதான் தப்பு. எரியாத விளக்குக்குள் பாதி இருட்டு. அதனால் அடியில் ஒரு பொட்டு கறுப்பு. மேலே, நகத்துக்குப் போடும் நிறமில்லாத ஜெல் ஒரு சொட்டு. இறுகுவதற்குள், விளக்குக் கண்ணாடியில் இருக்கும் வரிகள்போல் ஊசியால் கோடு இழுத்து, நகம் காயவைக்கும் நீல விளக்கின் கீழே வைக்க வேண்டும். மொத்தமாக ஊற்றினால் குமிழி வரும், மெல்லிசாக இரண்டு தடவை. கடைசியில் பிசுபிசுப்பைப் பஞ்சால் துடைத்தால், யாரோ இப்போதுதான் விளக்கை அணைத்துவிட்டுக் காரிலிருந்து இறங்கிப் போனதுபோல் இருக்கும்.

(இந்தப் பகுதி நன்றாக வந்திருப்பதாக எனக்கே ஒரு நினைப்பு.)

4

அடுத்த கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை. புதுக் கார் தயார், விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் இரண்டு ஓட்டைகள். “பார்லர்ல நகம் பார்க்கவே நேரமில்ல, விளக்குக்கு எங்க போறது” என்றுவிட்டாள் அக்கா. மாமா தானே முயன்றார். ஜெல்லுக்குப் பதில் விட்ட சூப்பர் க்ளூ பட்டதும் பிளாஸ்டிக் புகை படிந்து வெளுத்துப்போனது.

நான் இந்தக் கதைக்கு இரண்டு முடிவுகள் எழுதி அக்காவிடம் காட்டினேன்.

முடிவு ஒன்று: மாமா மேடையில் மைக்கைப் பிடித்து உண்மையைச் சொல்கிறார், கைதட்டல்.

“மைக்கப் பார்த்தாலே இவருக்கு வேர்த்துடும். எவன் நம்புவான்?”

முடிவு இரண்டு: அக்காவே ஒரு கார் செய்து போட்டியில்—

“கார் யாருக்கு வேணும்? எனக்கு விளக்கு செய்யத்தான் பிடிக்கும்.”

“வேற என்னதாங்க்கா வேணும் உனக்கு?”

“அந்த நடுவர் கேட்டப்ப இவரு ஒரு தரம் என் பக்கம் திரும்பிப் பார்த்திருக்கலாம்” என்றாள். சொல்லிவிட்டுத் தாள்களைப் புரட்டினாள். “மூணாவது பகுதி நான் வாய்ஸ் மெசேஜ்ல பேசினதுதானே? அப்படியே எடுத்துப் போட்டிருக்க.”

தகவல் அவளுடையது, நடை என்னுடையது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கார் என்னுடையது, விளக்கு மட்டும்தானே அவளுடையது என்று மாமாவும் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருப்பார்.

5

முதல் மூன்று பகுதிகளை ஒரு பத்திரிகைக்கு அனுப்பியிருந்தேன். அக்காவின் பார்லரில் உட்கார்ந்திருந்தபோது ஆசிரியர் கூப்பிட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டேன். (பெருமைதான், வேறென்ன.) அக்கா ஒரு பெண்ணின் நகத்தை ராவிக்கொண்டிருந்தாள். அக்காவை வீட்டுக்குக் கூட்டிப்போக வந்த மாமா, ஓரமாக நாற்காலியில் இருந்தார்.

“கதை பரவாயில்ல. ஆனா அந்த விளக்கு செய்யுற பகுதி இருக்கே, பிரமாதம். எப்படிங்க எழுதினீங்க?”

அக்கா தலையைத் தூக்கவில்லை. அரத்தின் சத்தம் மட்டும் நின்றது. மாமா என்னையே பார்த்தார். அன்று நடுவரிடம் அவர் சொன்னதையே நானும் சொல்லிவிட வேண்டும் என்ற ஆசை அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

நான் என்ன சொன்னேன் என்பதை எழுதப்போவதில்லை. எதை எழுதினாலும் என்னை நல்லவனாகத்தான் எழுதிக்கொள்வேன், அதை நீங்கள் நம்பக் கூடாது. ஆசிரியர் இன்னும் லைனில் இருக்கிறார். இந்தாருங்கள் போன், நீங்கள் பேசுங்கள். பேசுவதற்கு முன்னால் எந்தப் பக்கம் திரும்புவீர்கள் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிய வேண்டும்.