ஸ்ட்ராபெரித் தொட்டியில் கல்லுப்பு

எங்கள் வாசலில் முருங்கைகூட நிற்காது. மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டி வீடு கட்டினால் அப்படித்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் நட்டதெல்லாம் கருகித்தான் போனது. இடையஞ்சாவடி செடி நர்சரியில் வேலை பார்க்கும் என் மகள் ஜெயா, மார்கழியில் ஒரு தொட்டி ஸ்ட்ராபெரியோடு வந்தாள். "மண்ணும் அங்கேர்ந்துதாம்மா. குடிக்கிற தண்ணிய மட்டும் ஊத்து" என்றாள். என் வாசலில் ஒரே ஒரு பழமாவது பழுப்பதைப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்துவிட்டது.

பூ வைத்த வாரமே இலையெல்லாம் சல்லடை. சாயங்காலம் டியூப்லைட்டைச் சுற்றிய பழுப்பு அந்துப்பூச்சியின் வேலை. அதன் முட்டையிலிருந்து வருவது, நான் பிறந்த ஊர் பிரம்மதேசத்தில் கடலைச் செடியைத் தின்னும் அதே புழுதான். ஆனால் பகலில் இலை இலையாகப் புரட்டினாலும் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

என் வீட்டுக்காரர் அர்ச்சுனனுக்கு எல்லாவற்றுக்கும் உப்புதான் மருந்து. நத்தைக்கு உப்பு, பல்வலிக்கு உப்பு. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் செடியைச் சுற்றிக் கல்லுப்பைப் போட்டுத் தண்ணீரும் ஊற்றிவிட்டார். மறுநாள் இலை ஓரமெல்லாம் கருகல். நான் போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது.

"உனக்காகத்தான் போட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வீட்டு ஆரிஃபா இரண்டு குடத்தோடு வந்தாள். "அழாதீங்கக்கா. மண்ண கழுவிடலாம்."

அவள் பிடித்து வைத்திருந்த குடிதண்ணீர். பைப்பில் அடுத்து எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

"உங்க வீட்டுக்கு?"

"கேன் வாங்கிக்கிறேன். ஊத்துங்க."

தொட்டிக்கு அடியில் வழிந்ததை என் வீட்டுக்காரர் விரலால் தொட்டு நக்கி, "இன்னும் கரிக்குது" என்றார். இரண்டாவது குடத்தை ஊற்றியதும் மண்ணுக்கு மேல் தண்ணீர் தளும்பியது. பகலெல்லாம் மண்ணுக்குள் பதுங்கியிருந்த கொழுத்த புழுக்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறி வந்தன. ஆரிஃபா முகத்தைச் சுளித்தபடியே பொறுக்கித் தன் கோழிகளுக்குப் போட்டாள். உப்பு விழாவிட்டால் அவை அகப்பட்டிருக்காது. அதை அன்று அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் தலைகால் புரியாது.

தை கடைசியில் ஒரே ஒரு பழம் சிவந்தது. மூன்றாக நறுக்கினேன். பெரிய துண்டு ஆரிஃபாவுக்கு. நன்றி சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை. "நல்லா இருக்குதுக்கா" என்றாள், புளிப்பில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு.

அவருடைய துண்டைக் கையில் வைத்து, "நீங்க உப்பு போட்டதும் நல்லதுக்குத்தான்" என்றேன்.

அவர் அதையும் என்னிடமே நீட்டினார். "நீ தின்னு. இத்தன வருஷமா ஆசப்பட்டது நீதான்."

வாங்கித் தின்றேன். பல் கூசியது, அழுகையும் வந்தது.