மாதா அங்கியில் ஒரு பச்சை

கோயில் ஜன்னல்களைப் புதுப்பிக்க வந்திருந்த ஜெர்சன் சாரத்தின் உச்சியில் நின்று கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்துச் சிரித்தான். "ஃபாதர், மாதாவோட நீல அங்கியில பச்சைய ஒட்டின புண்ணியவான் யாரு?"

கீழே பீடத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்த மார்த்தாளுக்குச் சுருக்கென்றது. அந்தப் புண்ணியவான் அவள் வீட்டுக்காரன் அமலநாதன். போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. சாமியார் புதுசு, அவருக்கு எங்கே தெரியப்போகிறது! "யாரோ பழைய ஆளு" என்று சொல்லிவிட்டுப் போனைப் பார்க்கத் தொடங்கினார். யாரோவாம்.

ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கும் அந்தச் சின்ன டவுனுக்குப் பெருமை என்று சொல்லிக்கொள்ள இருப்பது அந்த மாதா கோயில் ஒன்றுதான். படவேட்டுக்கு அம்மனைப் பார்க்கப் போகிறவர்கள்கூட காரை ஓரங்கட்டிவிட்டு உள்ளே வருவார்கள். வழவழத்த சுண்ணாம்புத் தூண்கள், தேக்கு உத்திரங்கள், வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் எல்லாவற்றையும் அண்ணாந்து பார்த்துப் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். ஒரு புயலில் புளியங்கிளை முறிந்து மாதா ஜன்னலில் அடித்து, அங்கியின் மடிப்பில் ஒரு துண்டு தெறித்துவிட்டது. நீலக் கண்ணாடிக்காகக் கலசப்பாக்கம் வரை அலைந்தும் கிடைக்காமல், சைக்கிள் கடைக்காரனான அமலநாதன் தன் வீட்டுச் சமையலறை ஜன்னலின் பச்சைக் கண்ணாடியையே கழற்றி, மடிப்புக்குத் தக்கபடி வெட்டி, ஏணி போட்டு ஏறி வைத்துவிட்டான். என்ன தைரியம் பாருங்கள்! "இன்னாய்யா, வூட்ட ஓட்டையாக்கிட்டு மாதாவுக்குப் பஞ்சர் ஒட்டிட்டு வந்துட்டே?" என்று ஒரு வாரம் கரித்துக்கொட்டினாள் மார்த்தாள். ஜன்னலை அட்டை வைத்து அடைத்தாள்.

அந்தக் கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். கட்டின பெண்டாட்டியே ஆனாலும் பக்கத்தில் உட்கார முடியாது. மாதா ஜன்னல் ஆண்கள் பக்கத்துச் சுவரில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பூசையில் வெயில் அதில் ஏறினால், நீலம் பெண்கள் எல்லார் மேலும் பொதுவாக விழும். பச்சை மட்டும் நடுவழியைத் தாண்டி வந்து மூன்றாவது தூணடியில் விழும். மார்த்தாள் உட்காரும் இடம் அது. ஆண்கள் பக்கத்திலிருந்து அமலநாதன் எட்டி எட்டிப் பார்ப்பான். பிரசங்கமாவது ஒன்றாவது! வீட்டுக்கு வந்ததும், "இன்னிக்கு மூக்கு மேலயே வுழுந்துச்சுடி, பச்சக்கிளி" என்பான். பிள்ளையில்லாத வீட்டில் வாரம் முழுக்க அந்தச் சிரிப்புதான். அவன் போன பிறகும் அவள் இடத்தை மாற்றவில்லை. மடியில் பச்சை விழுந்ததும் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொள்வாள். அங்கே வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். அழுகை முட்டும். இருந்தாலும் பச்சை வருகிறதே என்று மனசைத் தேற்றிக்கொள்வாள்.

இப்போது பூவை வைத்துவிட்டுச் சாரத்தடியில் போய் நின்றாள். "அத எடுத்துடுவீங்களா தம்பி?"

"ஆமாம்மா. பழைய மாதிரியே நீலம் வரவழைச்சிருக்கோம். பாருங்க, அசந்துடுவீங்க."

"அது அப்டியே இருந்துட்டுப் போவட்டுமே."

"தப்பான கலராச்சேம்மா."

தப்புதான். அதை யாரிடம் போய் வாதாடுவது? "இல்ல... அது எங்க வூட்டு ஜன்னலு. எங்க வூட்டுக்காரரு வெச்சது."

ஜெர்சனுக்கு முகம் செத்துப்போயிற்று. இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டான். நல்ல பையன்தான். அதற்காக வேலையை விட முடியுமா? சாயங்காலம் அந்தத் துண்டை உடையாமல் எடுத்து, பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஊரே வாயைப் பிளந்து அண்ணாந்து பார்த்தது. அழகுதான், பொய் சொல்லக் கூடாது. மார்த்தாளின் மடியிலும் நீலம் விழுந்தது. பக்கத்துப் பெண்ணின் மடியில் விழுந்த அதே நீலம்.

மறுநாள் காலையில் சமையலறை ஜன்னலின் அட்டையைப் பிய்த்தெடுத்தாள். மாதாவின் மடிப்புக்காக ஒரு பக்கம் வளைத்தும் ஒரு பக்கம் கூராகவும் வெட்டிய துண்டு சதுரச் சட்டத்தில் எப்படித் திருப்பினாலும் பொருந்தவில்லை. "பாவி மனுஷா, அளவெடுத்து வெட்டியிருக்கே பாரு" என்று வாய்விட்டுச் சொன்னாள். கம்பியில் சாய்த்து நிற்கவைத்தாள். வெயில் வந்தபோது அடுப்பு ஓரத்தில் பச்சை விழுந்தது. சோற்றுப் பானையைத் தள்ளிவைத்துவிட்டு அங்கே போய் உட்கார்ந்தாள். பச்சை மடியில் ஏறியது. பழக்கதோஷம், கோயிலில் ஆண்கள் பக்கம் பார்ப்பதுபோல உடனே ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தாள். கண்ணாடியைச் சுற்றி விட்டுப்போயிருந்த இடைவெளியில் காலை வெளிச்சம் எந்த நிறமும் இல்லாமல் வந்துகொண்டிருந்தது.