கட்டிலைச் சுருக்கியது யார்

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. போனில் வந்தது. என் தங்கச்சி கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போனவள். அங்கே ஒரு பல் மருத்துவமனையில் செயற்கைப் பல் செய்கிறாள். அவளும் அவள் வீட்டுக்காரரும் வாடகைக்கு இருப்பது ஒற்றை அறை. அடுப்பைப் பற்றவைத்தால் போர்வை வரைக்கும் சமையல் வாசனை ஏறிவிடுமாம்.

"அக்கா, வீடு பார்த்துட்டு வந்தோம். வாடகைக்கு இல்ல, வாங்குறதுக்கு. விலையைச் சொன்னா நீ மயங்கி விழுந்துடுவே, அதனால சொல்லல."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். போனை வைத்த கையோடு எழுத உட்கார்ந்தேன்.

அந்த நகரத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. ஜன்னலோரம் நின்ற அவள்

(வேண்டாம். மழையில் தொடங்கிய கதைகள் போதுமான அளவு நனைந்துவிட்டன. தவிர, அந்த நகரத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை.)

2

மறுபடியும் தொடங்குகிறேன்.

அவர்கள் பார்த்த வீடு இன்னும் கட்டப்படவே இல்லை. விற்பனை அலுவலகத்துக்குள் ஒரு மாதிரி வீடு அமைத்திருக்கிறார்கள். பிடித்திருந்தால் கையெழுத்துப் போட வேண்டும், பிறகுதான் கட்டிடம் எழும்பும். மாதிரி வீட்டின் ஜன்னலுக்கு வெளியே தெரியும் வானம், பின்னால் விளக்குப் போட்ட ஒரு படம். அங்கே எந்நேரமும் இளவெயில். அறைகளுக்குக் கதவு கிடையாது.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிறாள். சமையலறைக் குழாயைத் திறக்கிறாள். தண்ணீர் வரவில்லை. ஆனாலும் கையைக் கழுவிப் புடவைத் தலைப்பில் (இல்லை, அவள் அங்கே புடவை கட்டுவதில்லை) துடைத்துக்கொள்கிறாள். பிறகு கட்டிலில் சாய்ந்தவள் அப்படியே கண்ணயர்ந்துவிடுகிறாள். விற்பனைப் பெண் குரலைத் தாழ்த்திக்கொள்கிறாள்.

அப்புறம் இருவரும் வெளியே வந்து, கட்டிடம் வரப்போகிற வெற்றிடத்தின் முன்னால் நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள்.

"அந்த மேகம் தெரியுதா?" என்கிறார் வீட்டுக்காரர். "அதுக்குக் கொஞ்சம் கீழதான் நம்ம அடுப்பு."

ஒரு புறா அவர்களுடைய சமையலறை வழியாகப் பறந்து போகிறது.

(கதையை இங்கேயே நிறுத்தியிருக்கலாம். நானும் அவர்களோடு அண்ணாந்து பார்த்தபடி சும்மா நின்றிருப்பேன்.)

3

ஆனால் கதை என்றால் ஏதாவது நடக்க வேண்டுமே. ஆகவே வீட்டுக்காரரை அந்தக் கட்டிலில் படுக்க வைத்தேன். கால் பாதிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அறை பெரிதாகத் தெரிய வேண்டும் என்று கட்டில், மேஜை எல்லாவற்றையும் அளவு குறைத்துச் செய்திருக்கிறார்கள்! இருவரும் முகம் தொங்கிப்போய், கையெழுத்துப் போடாமல் பஸ் ஏறுகிறார்கள்.

நல்ல திருப்பம் என்று பட்டது. தங்கச்சிக்குப் போனிலேயே படித்துக் காட்டினேன்.

"அக்கா, கட்டில் சரியாத்தானே இருந்துச்சு?"

"கதைக்காகப் பண்ணதுடி."

"நான் நல்லா நீட்டிப் படுத்தேன். பக்கத்துல அவரும் படுத்தார். அப்பவும் இடம் இருந்துச்சு. நீ எதுக்கு அதை வெட்டினே?"

4

எதுக்கு?

விற்கிறவர்கள் கட்டிலைச் சுருக்கினால் அறை பெரிதாகத் தெரிவதற்காக. நான் சுருக்கியது வீடே சின்னதாகத் தெரிவதற்காக.

இதையும் சொல்லிவிடுகிறேன். முன்பணத்துக்கு அவள் இங்கே இருக்கும் தன் மனையை விற்றாக வேண்டும். அப்பா எங்கள் இருவருக்கும் பிரித்துக் கொடுத்த இடம். என் பாதியில் நான் வீடு கட்டிவிட்டேன். அவள் பாதி என் சமையலறை ஜன்னலுக்கு வெளியே காலியாகக் கிடக்கிறது. ஒருநாள் திரும்பி வருவாள், அங்கே கட்டுவாள், ஜன்னலுக்கு ஜன்னல் பேசிக்கொண்டே சமைப்போம் என்று நான் மனசுக்குள் எத்தனையோ முறை கிரகப்பிரவேசமே நடத்தி முடித்துவிட்டேன். மனையை விற்றால் அவள் வரமாட்டாள். எனக்கு அதைத் தாங்க முடியாது. அதை அவளிடம் வாய்விட்டுச் சொல்லத் துப்பில்லாமல் கட்டிலின் மேல் கை வைத்திருக்கிறேன்.

5

முடிவுகள்:

அவள் கையெழுத்துப் போடுகிறாள். என் ஜன்னலுக்கு வெளியே யாரோ அஸ்திவாரம் தோண்டுகிறார்கள்.

அவள் போடவில்லை. ஒற்றை அறைக்குத் திரும்பிப் போய்ப் போர்வையை உதறி

(இதை முடிக்க மனசு வரவில்லை.)

இதோ, அவளே கூப்பிடுகிறாள்.

"அக்கா, கையெழுத்துப் போட நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்க. கதையில நான் என்னதான் பண்றேன்?"

"கதை வேற, நீ வேறடி."

"தெரியும். இருந்தாலும் சொல்லு. நீ ஒரு வார்த்தை சொல்லாம எனக்குக் கை ஓடாது."

போன் என் காதில்தான் இருக்கிறது. அவள் மூச்சு விடுவது கேட்கிறது.

வாசகரே, நீங்கள் சொல்லுங்கள். உங்களுக்கு அவள் தங்கச்சி இல்லை. போடு என்றால், அதை நான் சொன்னதாகவே அவளிடம் சொல்லிவிடுகிறேன். வேண்டாம் என்றால் மட்டும் தயவுசெய்து நீங்களே பேசுங்கள். போனைத் தருகிறேன்.