நீட்டிய கை

விதிமீறல்களுக்காகக் கல்லூரியின் கூடைப்பந்து அணி கலைக்கப்பட்ட மறுநாளே, ஆட்டக்காரர்களைப் பொறுக்கிச் செல்லப் பிற கல்லூரிப் பயிற்சியாளர்கள் அண்டை மாநிலங்களான அயோவாவிலிருந்தும் மிசூரியிலிருந்தும் காரில் வந்து குவிந்தனர். தன் தேர்வுக் கட்டுரைகளை உதவிப் பயிற்சியாளரே எழுதித் தந்தார் என்று விசாரணையில் ஒப்புக்கொண்டவன் லமார் ஒருவனே. கல்லூரி ஆட்டத்தில் தனக்கு எஞ்சிய ஓராண்டை எங்கேனும் ஆடிவிடும் தவிப்போடு அரங்கப் படிக்கட்டில் அமர்ந்திருந்தான்.

"என்னடா யோக்கியா, உன்ன ஒருத்தனும் கூப்பிடலையா?" என்று அருகிலிருந்த ஜெரோட் குத்தினான். அவன் கட்டுரைகளையும் அதே ஆள்தான் எழுதினார். ஆனால் விசாரணையில் ஜெரோட் அதை மறைத்துவிட்டான்.

ஒரு பயிற்சியாளர் கையை நீட்டியபடி வந்தார். லமார் எழுந்தான்.

"உன் பேரு என்னப்பா?"

"லமார், கோச்."

நீட்டிய கை ஜெரோட்டின் பக்கம் திரும்பியது.

"அப்போ ஜெரோட் நீதானா? வாப்பா, கார்ல உக்காந்து பேசலாம்."