படியில் நின்ற ரயில்

விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில் மாடிப்படியில் ரயில் கூவியது. ஜெசிந்தா அடுப்பைத் தணித்தாள். முதல் காட்சி எடுக்கிற சினிமாக்காரர்கள் தன் வீட்டுக்கு வந்துவிட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அந்தக் குடியிருப்பில் குழந்தைக்குத் தலை நின்றதும் அவர்கள் வந்து அந்தக் குடும்பத்தின் முதல் காட்சியை எடுத்துக்கொண்டு போவார்கள். அதில் யார் எப்படித் தெரிகிறார்களோ, மீதி வாழ்க்கை அதையொட்டித்தான் போகும். கீழ்வீட்டு கோமதி அக்காவின் கணவர் தன் முதல் காட்சியில் கதவோரம் ஒரு குடையை மாட்டினார். காட்டின பொருள் சும்மா தொங்கலாமா? அன்றிலிருந்து அந்த வீட்டுக் கூடத்தில் மட்டும் வாரத்துக்கு இரண்டு தடவை மழை பெய்கிறது. எதிர்வீட்டு வாத்தியாரைச் செருப்பில் தொடங்கி மெல்ல மேலேற்றிக் காட்டிவிட்டார்கள். இன்றைக்கும் அவரைப் பார்க்கிறவர்கள் காலிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. முகத்துக்கு வருவதற்குள் பஸ் போய்விடுகிறது.

இதையெல்லாம் யோசித்து ஜெசிந்தா வீட்டை ஒழித்து வைத்திருந்தாள். அரிவாள்மனை பீரோவுக்குள் போயிருந்தது. காற்றில் தாள் படபடத்தால் ஒரே மூச்சில் பத்து வருஷம் ஓடிவிடும் என்று காலண்டரைக் கழற்றியிருந்தாள். குழந்தை நித்திலாவின் கால்களுக்கு உறை மாட்டியிருந்தாள். உதைக்கிற பிஞ்சுக் கால்களைக் காட்டினால் கேமரா முகத்துக்கு ஏறுவதற்குள் பிள்ளைக்குக் கல்யாண வயசாகிவிடும்.

ஒளித்துவைக்க முடியாதது ஒன்றுதான். அந்த வீட்டில் மூன்று பேரும் சந்தோஷமாக இருந்தார்கள். முதல் காட்சியில் சந்தோஷமாக இருக்கிற குடும்பம் இடைவேளைக்குள் திசைக்கொருவராகப் போய்விடும். அதை நினைத்து அவள் பல நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

கோமதி அக்கா முந்தானையைப் பிழிந்துகொண்டே உள்ளே வந்தாள்.

"ஏன்டி ஜெசி, ரயிலை எருமை மாடாட்டம் படியிலயே நிறுத்தியிருக்கானுங்க. அடியில குனிஞ்சு வர்றேன். ரெண்டாவது காட்சிக்குக் கொண்டாந்திருக்காங்க. ரயில் வந்தாலே பிரிக்கத்தான்டி."

"தெரியும்க்கா."

"உன் வீட்டுக்காரரைப் பாடவேணாம்னு சொல்லி வை. எங்க சித்தி வீட்டுல ஒரே ஒரு பாட்டுதான் பாடினாங்க. இப்ப ஆளுக்கொரு ஊரு."

அவள் பின்னாலேயே இயக்குநர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி வந்தார். கேமராவும் விளக்குகளும் வந்தன. கூட வந்த ஏழெட்டு பேரும் செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றிவிட்டு வந்தார்கள். ஜெசிந்தாவின் கணவன் அமலன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். குழந்தைத் துணியை மடித்தபடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான். அது பாட்டாக முற்றுவதற்குள் ஜெசிந்தா அவன் காதோடு சொன்னாள்.

"சண்டை போடுங்க."

"எதுக்கு?"

"எதுக்காவது. குழம்புல உப்பு இல்லேன்னு சொல்லுங்க."

அமலன் அடுப்படிக்குப் போய் உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தான். "நல்லாத்தானே இருக்கு?"

"அப்ப எங்க அப்பாவைத் திட்டுங்க."

"பாவம் மனுஷன். நேத்துதான் பலாச்சுளை குடுத்தனுப்பினாரு."

குழந்தை வாய்விட்டுச் சிரித்தது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

"சந்தோஷமா இருக்கீங்களேம்மா" என்றார் இயக்குநர்.

"கொஞ்சந்தான் சார்."

"கொஞ்சமே போதும். நல்லா விழுந்திருக்கு."

அதற்குள் கூடத்தில் படம் எடுக்கிறவர்களின் பெயர்கள் எழ ஆரம்பித்தன. முழ உயர வெள்ளை எழுத்துகள், ஒன்றன்பின் ஒன்றாகத் தரைக்குமேல் வந்து நின்றன. கோமதி அக்கா ஒரு பெயருக்கு வழிவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

"இப்ப தம்பி பையை எடுத்துக்கிட்டு, 'இதோ வந்துடறேன்'னு சொல்லிட்டு வாசலைத் தாண்டணும். அதோட முதல் காட்சி முடிஞ்சுது" என்றார் இயக்குநர்.

யார் என்ன சொன்னாலும் தட்டாதவன் அமலன். ஆணியிலிருந்து பையை எடுத்தான். ஒரு காலைச் செருப்பில் நுழைத்தான். படியில் ரயில் ஒரு முறை பெருமூச்சு விட்டது.

"இதோ வந்து..."

ஜெசிந்தா அவன் வாயைப் பொத்தினாள். இயக்குநர் பக்கம் திரும்பினாள்.

"சார், யாரும் வெளியே போகலேன்னா?"

"காட்சி முடியாதும்மா."

"முடியாட்டி?"

"ரெண்டாவது காட்சி வராது. இடைவேளையும் வராது."

"அப்ப நீங்கள்லாம்?"

"முடிஞ்சாத்தானே நாங்க போக முடியும். இருக்க வேண்டியதுதான்." அவர் அடுப்படிப் பக்கம் முகத்தைத் திருப்பினார். "என்ன குழம்பு?"

"முருங்கைக்காய் சார்."

அவள் அமலனின் காலிலிருந்து செருப்பைக் கழற்றி உள்ளே எடுத்து வைத்தாள்.

"காலையில வேன் எடுக்கணுமே, ஜெசி?"

"ஜன்னல் வழியாப் போயிட்டு வாங்க. அது காட்சியில வரலை. வேனை மட்டும் ஜன்னலுக்கு அடியில நிறுத்திக்குங்க."

அவனுக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. தானும் இங்கேயே இருந்துகொள்வதாக கோமதி அக்கா சொன்னாள்.

"அண்ணன் தேடமாட்டாரா?"

"அவருக்கென்னடி, குடை இருக்கு."

ஜெசிந்தா அரிசி கூடப் போட்டு வடித்தாள். எல்லாரும் எழுத்துகளுக்கு நடுவே சம்மணமிட்டுச் சாப்பிட்டார்கள். ரசத்துக்குக் குழிபறித்துக்கொண்டிருந்த கேமராமேன் மறு சோறு கேட்டார். பல நாளுக்குப் பிறகு அவளும் வயிறாரச் சாப்பிட்டாள். சாப்பாடு முடிந்ததும் எழுத்துகளைச் சுவரோரமாகத் தள்ளிப் பாய் விரித்தாள். தயாரிப்பாளர் பெயர்தான் நீளமாக இருந்தது. அதில் குழந்தையின் ஈரத்துணிகளைக் காயப்போட்டாள். நித்திலாவின் கால் உறைகளைக் கழற்றினாள். பிள்ளை அமலனின் மார்பில் இரண்டு உதை உதைத்துவிட்டுத் தூங்கிப்போனது. அவன் மீதிப் பாட்டைப் பாடினான்.

ரயில் மறுபடியும் கூவியது. ஜெசிந்தா செம்பில் தண்ணீர் மொண்டு, வாசற்படியைத் தாண்டாமல் கையை மட்டும் நீட்டினாள். இன்ஜின் டிரைவர் வாங்கிப் பாதியைக் குடித்துவிட்டு மீதியை ரயிலுக்குக் கொடுத்தார்.

"இன்னிக்குக் கிளம்பாதா தங்கச்சி?"

"இல்லண்ணா. பாப்பா தூங்குது, மெதுவாக் கூவச் சொல்லுங்க."

ரயில் பெட்டிகளை ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு படியோரமாக ஒதுங்கிப் படுத்தது. ஜெசிந்தா கதவைச் சாத்தி, மேலும் கீழும் தாழ்ப்பாள் போட்டாள்.